தேதியை மட்டும் போட்டேன்

பிப்ரவரி 5, ஞாயிறு

சாத்தான்குளம் ரூபவதி சித்தி நேற்று சாயங்காலம் ஐந்தே காலுக்கு இறந்துபோனாள். ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு என் போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தால் சித்தியின் படம், கீழே பிறந்த தேதி, இறந்த தேதி, சுற்றிலும் வெள்ளைப் பூ. 'மாசிலாமணி உபதேசியார் குடும்ப மரம். பதிவிட்டவர்: ஹெப்சிபா எட்வின்.' நாற்பத்தேழு நிமிடம்தான் ஆகியிருக்கிறது. சித்தியைக் குளிப்பாட்டிக்கூட இருக்க மாட்டார்கள்.

ஹெப்சிபா என் தம்பி எட்வினின் மனைவி. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். போன வருடம் போனில் ஒரு ஆப்பில், எங்கள் மூதாதை பெயரில் இந்த வம்ச மரத்தை ஆரம்பித்தாள். உறவுக்காரர்கள் நூற்றெண்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் பெயருக்கு நேரே இறந்த தேதியைப் போட்டால் போதும், நூற்றெண்பது போனிலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். எங்கள் கோயில் மணிகூட அத்தனை வீட்டுக்குக் கேட்காது.

நான் இருபத்திரண்டு வருடமாக மூன்று பெரிய நோட்டுகளில் இந்தக் குடும்பத்தை எழுதிவருகிறேன். அறுநூற்றுப் பதினாலு பேர். ஓய்வு பெறும்வரை முப்பத்தோரு வருடம் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் வேலை பார்த்தேன். சாவை எப்படி எழுத வேண்டும் என்று இந்த ஞானதீபத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடக்கம் முடிய வேண்டும். ஒரு வாரம் போக வேண்டும். பிறகு அந்த வீட்டுக்குப் போய், காப்பி கொடுத்தால் குடித்து, 'எழுதிக்கிடட்டுமா?' என்று கேட்க வேண்டும். சரி என்றால்தான் பேனாவைத் திறக்க வேண்டும்.

குடும்ப வாட்ஸாப் குரூப்பில் ஹெப்சிபாவுக்கு அறுபத்திரண்டு கும்பிடு. 'உடனே தெரிவித்ததற்கு நன்றி சகோதரி' என்று நெல்லையிலிருந்து நியூசிலாந்துவரை எழுதியிருக்கிறார்கள். 'கர்த்தர் ஆறுதல் தருவாராக' என்று நான் போட்டதற்கு மூன்று. அதில் ஒன்று என் தம்பி.

மத்தியானம் முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சியைப் பந்தம் கட்டிப் பொசுக்கினேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பிப்ரவரி 14, செவ்வாய்

நான் பயந்தது நடந்துவிட்டது. ரூபவதி சித்தியின் வீட்டுக்காரருக்கு யாரோ போன் செய்து, 'பென்சன் ஆபீஸ்' என்று சொல்லி ஆதார் நம்பரைக் கேட்டிருக்கிறான். சித்தியின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, பிள்ளைகள் பெயர் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருக்கிறான். எல்லாம் மரத்தில் இருந்ததுதான். யாரோ அதைப் படம் பிடித்து வெளியே அனுப்பியிருக்கிறார்கள், அது எங்கெங்கோ சுற்றியிருக்கிறது. சித்தப்பாவுக்குக் காது கேட்காது, அதனால் தப்பித்தார். மூன்று தடவை 'யாரு?' என்று கத்தியதில் அவனே வைத்துவிட்டானாம்.

குரூப்பில் நீளமாக எழுதிப் போட்டேன். செத்தவர்களுக்கு வலிக்காது, இருக்கிறவர்களுக்கு வலிக்கும். துக்க வீட்டின் விவரத்தை வீதியில் பரப்புவது வம்ச வரலாறு ஆகாது என்றெல்லாம் எழுதினேன். மிகவும் நியாயமாக எழுதியிருந்தேன். கீழே ஒருத்தி பேரப்பிள்ளையின் பிறந்தநாள் கேக்கைப் போட்டுவிட்டாள். அதற்கு எண்பது பூச்செண்டு.

சித்தப்பாவுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்று கேட்டதும் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு பட வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் பட்டேன்.

பிப்ரவரி 16, வியாழன்

ஹெப்சிபா வந்தாள். மஞ்சள் போட்டு அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டுக் கொண்டுவந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

“மைனி, நீங்க குரூப்ல போட்டது சரிதான். சீக்கிரம் சொன்னா எல்லாரும் அடக்கத்துக்கு வந்து சேருவாவன்னு மட்டும்தான் நெனச்சேன். இனிமே அந்த வீட்டுக்காரவ சொல்லாம நான் யாருக்கும் தேதி போட மாட்டேன்.”

நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அரைமணி நேரத்துக்குப் பேச விஷயம் வைத்திருந்தேன். எல்லாம் வீணாகப் போயிற்று. “சரி” என்றேன். வாய் சொல்லும், கை சும்மா இருக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு போயிருக்கலாம். “மைனி, முதல் நாலு தலைமுறை உங்க நோட்டுலதான் இருக்கு. நீங்களே மரத்துல ஏத்துனா எவ்வளவு நல்லா இருக்கும். பதிவு போட உங்க பேர்ல தனியா ஒரு கணக்கு தொடங்கித் தரட்டா?” என்றாள்.

“எனக்கு எதுக்கு? இந்த வயசுல எனக்கு என்ன விளம்பரம்?”

“அப்ப என் கணக்குலயே போடுங்க.” என் போனை வாங்கி, அவள் கணக்கைத் திறந்து, எங்கே தொட வேண்டும் என்று காட்டினாள். பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு எல்லாமே இப்படி எளிதாக வந்துவிடுகிறது.

இந்த வம்சத்தில் நான் பிறந்தேன், அவள் கல்யாணம் ஆகி வந்தாள். மரத்தில் அவள் பெயருக்குக் கீழே இரண்டு பிள்ளைகள். என் பெயருக்குக் கீழே வெறும் வெள்ளை.

மார்ச் 3, வெள்ளி

நூற்று முப்பது பெயர் ஏற்றிவிட்டேன். ஒவ்வொன்றின் கீழும் 'பதிவிட்டவர்: ஹெப்சிபா எட்வின்.'

மார்ச் 12, ஞாயிறு

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து நோன்புக்காகக் காப்பியை விட்டிருக்கிறேன். அதனால் தலைவலியா, எட்வினால் தலைவலியா என்று தெரியவில்லை.

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை எங்கள் குடும்பக் கூடுகை. கோயில் மண்டபத்தில் முந்நூறு பேர் வருவார்கள். அந்த வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்களின் பெயரை நான் மைக்கில் வாசிப்பேன். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டார் எழுந்து நிற்பார்கள். கடைசிப் பெயருக்கு மண்டபமே நிற்கும். பிறகு மூன்று நிமிடம் மௌனம். நான் நோட்டை மூடினால்தான் எல்லாரும் உட்கார வேண்டும். அந்த மூன்று நிமிடமும் முந்நூறு பேர் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பதினெட்டு வருடமாக நான்தான் வாசிக்கிறேன்.

எட்வின்தான் கூடுகைக்குச் செயலாளர். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சொன்னான்: “அக்கா, இந்த வருஷம் பேர் வாசிக்காண்டாம். ஹெப்சி போட்டோவெல்லாம் சேத்து வீடியோவா போடுதேன்னு சொல்லுதா. பின்னால பாட்டு ஓடும். ஒனக்கும் முட்டுவலி, நிக்காண்டாம் பாரு.”

“என் முட்டுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு” என்றேன். அவன் சிரித்தான். முடிவு எடுத்தாகிவிட்டது என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை. பொறாமை என்று யாராவது சொன்னால் அடிக்க வருவேன். இது பொறாமை இல்லை, முறை தெரிந்தவர்களுக்கு வருகிற கோபம்.

மார்ச் 21, செவ்வாய்

ராஜாமணி அண்ணனுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. என் பெரியப்பா மகன், அடுத்த தெருவில் வீடு. சாயங்காலம் இட்லி கொண்டுபோனேன். 'தீபம், நோட்டைக் கொண்டாந்திருக்கியா?' என்று கேலி செய்தார். அவர் மனைவி பொன்மலர் மைனி அழுதுகொண்டே சிரித்தாள். ஒரே மகள் பெர்சிஸ், சென்னையில் வேலை. வியாழக்கிழமை லீவு போட்டு வருகிறாள்.

மார்ச் 23, வியாழன்

ராஜாமணி அண்ணன் போய்விட்டார். காலை பதினொன்று இருபது.

மார்ச் 24, வெள்ளி

அடக்கம் முடிந்தது. நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

டாக்டர் வந்து சொன்னபோது நானும் மைனியும் எட்வினும் இருந்தோம். மைனி என் தோளில் சாய்ந்துவிட்டாள். எட்வின் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னான்: “பெர்சிஸ் காலையிலதான் ரயில் ஏறியிருக்கா. தனியா வாரா. காலையில சொன்ன மாதிரியே, அப்பாவுக்கு சீரியஸா இருக்குன்னு மட்டும் சொல்லுவோம். அவ வந்து சேருத வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. குரூப்லயும் போடக் கூடாது.”

எங்கள் பக்கம் எப்போதும் இப்படித்தான். தூரத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு 'சீரியஸ்' என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லைக் கேட்கும்போதே பாதி தெரிந்துவிடும். ஆனாலும் மீதிப் பாதியைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் வருவார்கள். ஸ்டேஷனில் யாராவது போய்க் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அப்போதுதான் சொல்வோம்.

பிறகு எட்வின் ஹெப்சிபாவுக்குப் போன் செய்தான். அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். “போஸ்டருக்கு அண்ணன் பிறந்த தேதி வேணும். மரத்துல பாத்துச் சொல்லு” என்றான்.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். 1957 ஆகஸ்ட் 9. ராஜாமணி அண்ணனின் பிறந்த தேதியை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அறுநூற்றுப் பதினாலு பேரின் தேதியும் எனக்குத் தெரியும். என் கூடப் பிறந்தவன் என் தலைக்கு மேலே நின்றுகொண்டு அவளிடம் கேட்கிறான்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளே போட்டுவிடுவாள் என்று தோன்றியது. பேச்சுக்குத்தான் மாட்டேன் என்றாள். சாயங்காலம் பார்த்தால் பூவோடும் படத்தோடும் வரும், கும்பிடு கும்பிடாக வந்து விழும். கூடுகையில் வீடியோவாகவும் ஓடும். அண்ணன் என் கண் முன்னால் போனார். அவருக்கு இட்லி கொடுத்தது நான்.

பதினொன்று ஐம்பதுக்கு மைனி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் போனைத் திறந்து தேதியை மட்டும் போட்டேன். பூ போடவில்லை. படம் போடவில்லை. ஒரு வார்த்தை எழுதவில்லை. அதைச் செய்தி என்று யாரும் சொல்ல முடியாது. அது பதிவு. மணி அடிக்கும் என்பது அந்த நேரம் எனக்கு நினைவில் இல்லை.

எட்வின் சட்டைப் பையில் 'டிங்' என்றது. மைனியின் மடியில் 'டிங்' என்றது. என் கையிலும்.

பெர்சிஸின் ரயில் அப்போது திருச்சி தாண்டியிருந்தது. அவள் கையிலும் போன் இருந்தது.

எட்வின் போனில் ஹெப்சிபாவிடம் கத்திய கத்தலுக்கு நர்ஸ் ஓடிவந்தாள். 'பதிவிட்டவர்: ஹெப்சிபா எட்வின்' என்று எல்லாரும் பார்த்தாகிவிட்டது. அவள் ஆட்டோ பிடித்து ஓடிவந்து, “நான் போடல, நான் போடல” என்று அழுதாள். “ஒனக்குக் கையே அடங்காதா?” என்று துக்கம் கேட்டு வந்திருந்த நாசரேத் அத்தான் எல்லார் முன்னாலும் கேட்டார். நான் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் துக்க வீட்டில் இன்னொரு குழப்பம் எதற்கு?

மார்ச் 30, வியாழன்

மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து, உள்ளே கம்பிச்சுருள் எரிந்துவிட்டது என்றான்.

ஹெப்சிபா வந்தாள். இந்த முறை கையில் ஒன்றுமில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நடையிலேயே நின்றுகொண்டு கேட்டாள்: “மைனி, தப்பா நெனைக்காதிய. என் கணக்கு உங்க போன்லயும் இருக்கு. அன்னைக்கு நீங்க ஏதும் தொடலியே?”

“நான் ஆஸ்பத்திரியில பொன்மலர் மைனி கையப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன்” என்றேன். அது உண்மைதான். ஒரு கையால் பிடித்திருந்தேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. “மன்னிச்சிருங்க மைனி. உங்ககிட்டப் போயி கேட்டிருக்கக் கூடாது.” நடைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். “அவுக போன் பண்ணுன உடனே நான் ஸ்டாஃப் ரூம்ல மரத்தத் தொறந்தேன். பிறந்த தேதி பாக்க அண்ணன் பேர்லதான் போனேன். அதே நேரம்தான். அவசரத்துல எங்கெங்கயோ தொட்டேன். தெரியாம நானே அமுக்கிட்டேனோ? எனக்கு ஞாபகமே இல்ல மைனி. அப்படியும் நடக்குமா?”

“நடக்கலாம்” என்றேன்.

ஏப்ரல் 2, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. கோயிலில் ஹெப்சிபாவுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. குரூப்பிலிருந்து அவளே விலகிவிட்டாள். மரத்தையும் மூடிவிட்டாள். நான் ஏற்றிய நூற்று முப்பது பெயரும் அதோடு போயிற்று.

சாயங்காலம் எட்வின் வந்தான். “அக்கா, கூடுகையில நீயே வாசிச்சிரு. வீடியோவெல்லாம் வேண்டாம். ஒன்ன மாதிரி முறையா செய்ய யாருக்கும் வராது.”

சந்தோஷப்பட்டேன். எழுதிவிட்டேன், அடிக்கப்போவதில்லை.

ஏப்ரல் 9, ஞாயிறு

ஈஸ்டர். நாற்பது நாள் கழித்து முதல் காப்பி. சீனி கூடிவிட்டது.

ஏப்ரல் 29, சனி

பெர்சிஸ் வந்திருந்தாள். அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப்போகப்போகிறாளாம். கூடுகை முடிந்ததும் கிளம்புகிறார்கள். அப்பாவின் பள்ளிச் சான்றிதழையும் கல்யாணப் பத்திரிகையையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

“நீங்க எழுதிக்கிடுங்க அத்தை. ஒரு வாரம் கழிச்சு வந்து கேப்பியன்னு அப்பா சொல்லுவாவ. நீங்க இவ்வளவு நாளா வந்து கேக்கல. அதான் நானே வந்தேன்.”

நோட்டை எடுத்து எழுதினேன். பிறப்பு, படிப்பு, கல்யாணம். இறப்பு என்ற இடத்துக்கு வந்தபோது அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

“காலையில அம்மா சீரியஸ்னு சொன்ன உடனே ஜெபம் பண்ண ஆரம்பிச்சேன் அத்தை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, வாய்க்குள்ளயே. நிறுத்தவே இல்ல. நிறுத்துனா அப்பா போயிருவாவன்னு ஒரு பைத்தியம். விழுப்புரம், விருத்தாசலம் எல்லாம் தாண்டிட்டு. அப்ப போன்ல மணி அடிச்சிது. அப்பா பேரு, ரெண்டு தேதி, நடுவுல ஒரு கோடு. பாதி வசனத்துல இருந்தேன். அப்படியே நின்னு போச்சி. எதிர்த்த சீட்டுல ஒரு குடும்பம் புளிசாதம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாவ. எனக்கும் நீட்டுனாவ. நான் வாங்கிச் சாப்பிட்டேன் அத்தை. என்ன செய்யன்னு தெரியல, சாப்பிட்டேன். அதுக்குப் பெறவு என்னால ஜெபம் பண்ண முடியல. இன்னைக்கு வரைக்கும்.”

பேனா மூடியைத் தேடினேன்.

“ஹெப்சி சித்தி மூஞ்சியில முழிக்க மாட்டேன்” என்றாள். “நீங்கதான் அத்தை கேட்டு எழுதுறவிய. நீங்க வாசிச்சா நாங்க எந்திரிச்சு நிப்போம்.”

அவள் போன பிறகு முருங்கைக் கீரை உருவினேன். நாலு நாளைக்குத் தேவையான கீரையை உருவிவிட்டேன். ஒற்றை ஆளுக்கு இது எதற்கு?

மே 8, திங்கள்

எட்வினுக்குப் போன் செய்தேன். அவன் எடுத்ததும் “பந்தலுக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்டேன். சொல்லியாகிவிட்டதாம்.

மே 11, வியாழன்

மறுபடியும் போன் செய்தேன். சாப்பாட்டுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டேன்.

மே 13, சனி

வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் மண்டபத்துக்குப் போனேன். முன்வரிசையில் பொன்மலர் மைனியும் பெர்சிஸும். ஹெப்சிபா வர மாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வந்தாள். யாரும் அவளோடு பேசவில்லை. அவளும் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பெர்சிஸிடம் போனாள்.

நான் மேடைப் படியில் நின்றுகொண்டிருந்தேன். பத்தடி தூரம். எல்லாம் கேட்டது.

“பெர்சிஸ், நான் தெரிஞ்சு செய்யலம்மா. எப்படி ஆச்சின்னு எனக்கே தெரியல. ஆனா என் பேர்லதான் வந்துது. என் கைதான் செஞ்சிருக்கணும். என்ன மன்னிச்சிரு.” எல்லாரும் பார்க்க அந்தச் சின்னப் பெண்ணின் முன்னால் கைகூப்பினாள். பெர்சிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹெப்சிபா கூப்பிய கையை இறக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

எனக்கு என்ன வந்தது என்று உள்ளபடி எழுதுகிறேன். இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது பொறாமை. அந்த மன்னிப்பு என்னுடையது. ஐம்பது நாளாக என் நெஞ்சில் கிடந்து, வாய்வரை வந்து, பந்தலாகவும் சாப்பாடாகவும் மாறிப்போன மன்னிப்பு. அதையும் அவள் எடுத்துக்கொண்டு, என்னைவிட நன்றாகக் கேட்டுவிட்டாள். தப்பு செய்யாதவள் இவ்வளவு அழகாகக் கேட்டால், செய்தவள் பிறகு எந்த மூஞ்சியோடு கேட்பது? என் தப்பையும் அவளே எடுத்துக்கொண்டால் எனக்கு என்னதான் மிச்சம்?

ஆறு பெயரை வாசித்தேன். ஒவ்வொரு வீட்டாராக எழுந்தார்கள். ஏழாவதாக, “ராஜாமணி தேவசித்தம்” என்றேன். மைனியும் பெர்சிஸும் எழுந்தார்கள். மண்டபமே எழுந்தது. கடைசி வரிசையில் ஹெப்சிபா தனியாக நின்றாள். மௌனம் தொடங்கியது. முந்நூறு பேரும் என் கையைப் பார்த்தார்கள்.

மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. “ராஜாமணி அண்ணன் தேதியப் போட்டது ஹெப்சிபா இல்ல” என்றேன். “நான்தான். அவ கணக்கு என் போன்ல இருந்துது. ஆஸ்பத்திரியில, மைனி பக்கத்துல உக்காந்துக்கிட்டே போட்டேன். மணி அடிக்கும்னு எனக்குத் தெரியும். அவளுக்கு முந்திப் போடணும்னுதான் போட்டேன்.”

எட்வின் வாய் திறந்தபடி நின்றான். ஒரு குழந்தை மட்டும் எங்கோ அழுதது.

நோட்டை மூடினேன். யாரும் உட்காரவில்லை.

பெர்சிஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மே 14, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பத்து மணிக்கு ஹெப்சிபா வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எதுக்கு மைனி?”

“பொறாமை” என்றேன். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை.

“எம்மேலயா?” அவளுக்கு விளங்கவே இல்லை. சுற்றிப் பார்த்தாள், என் வீட்டில் எங்காவது அதற்குக் காரணம் மாட்டியிருக்கிறதா என்பது போல. “நீங்க 'நடக்கலாம்'னு சொன்னிய மைனி. அதத்தான் என்னால தாங்க முடியல. அதுக்குப் பெறவு என் கையையே நான் நம்பல. பிள்ளைகளுக்கு மார்க் போட மூணு தடவ பாத்தேன். அடுப்ப அணைச்சேனான்னு பாதி வழியில திரும்பி வந்தேன். எனக்கு மூளை கலங்கிட்டுன்னே நெனச்சேன்.”

“மன்னிச்சிரு ஹெப்சி.”

“பாக்கலாம்” என்றாள். போய்விட்டாள். அவளும் கோபப்படுவாள் என்று இத்தனை வருடத்தில் இன்றுதான் தெரிந்தது.

மே 16, செவ்வாய்

பெர்சிஸ் வந்தாள். வாசலில் ஆட்டோ நின்றது. உள்ளே அவள் அம்மா. மைனி என் பக்கம் திரும்பவில்லை.

“ரயிலுக்கு நேரமாச்சி. ஒரே விஷயம்தான் அத்தை. அப்பா பேர உங்க நோட்டுல இருந்து எடுத்துருங்க.”

“பெர்சிஸ், நீ என்னைய என்ன வேணாலும் சொல்லு. அண்ணன் எங்க தலைமுறையில மூத்தவர். அவரு பேரு இல்லாம—”

“அப்பா போட்டோவ ஹெப்சி சித்திகிட்டக் குடுத்திருக்கேன். நேத்து நான்தான் போயி பேசினேன். திரும்ப மரத்தத் தொறந்தா எப்ப போடட்டும்னு கேட்டாவ. ஒரு வருஷம் போகட்டும்னேன். சரின்னுட்டாவ.” அவள் குரல் உயரவே இல்லை. “அவுக கேட்டாவ அத்தை. அப்பா அங்க இருக்கட்டும். இங்க வேண்டாம்.”

ஹெப்சிபாவிடம் படம் இருக்கிறது. அவளிடம் கேட்டிருக்கிறாள், அவள் காத்திருப்பாள், ஒரு வருடம் கழித்து அவள்தான் போடுவாள். இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது. இனி இதற்கு வேறு பெயர் வைக்கப்போவதில்லை.

“நீ போ. நான் அடிச்சிருதேன்” என்றேன்.

“இல்ல. என் முன்னால.”

மூன்றாம் நோட்டை எடுத்து மேஜையில் விரித்தேன். அவள் கொடுத்த சான்றிதழையும் பத்திரிகையையும் கவரில் போட்டு அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். ஆபீசில் ஒரு பதிவை அடிக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு கோடுதான் போடுவோம். அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், அதுதான் விதி. அப்படியே ஒரு கோடு போட்டேன்.

அவள் குனிந்து பார்த்தாள். “தெரியுது அத்தை.”

இன்னொரு கோடு போட்டேன். இன்னொன்று. பேனா முனை பிளந்தது. ஆகஸ்ட் 9 மட்டும் இன்னும் தெரிந்தது. அதன் மேல் அழுத்தி, அழுத்தி அடித்தேன். தாள் கிழிந்து அடுத்த பக்கம் தெரிந்தது.

“போதும்” என்றாள்.